படித்த மெயிலைச் சர்வரிலிருந்து இறக்குவது: நகல் எடுப்பது ஒரு வேலை, அழிப்பது இன்னொரு வேலை

கேள்வி இதுதான்: ஆபீஸ் மெயில் பெட்டிக்கு 2 ஜிபிதான் இடம், அது நிரம்பிக்கொண்டே வருகிறது. படித்த மெயில்கள் தானாக வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட வேண்டும், படிக்காதவை மட்டும் சர்வரில் இருக்க வேண்டும், போனிலும் மெயில் பார்க்க வேண்டும். இதை எப்படி அமைப்பது?

முடியும். கேட்டபடியே செய்கிற வசதி தண்டர்பேர்ட் என்கிற மெயில் புரோகிராமில் இருக்கிறது, டெர்மினலில் ஓடும் மட் என்கிற புரோகிராமிலும் பல வருஷமாக இருக்கிறது. ஆனால் "படித்தாயிற்று, ஆகவே சர்வரிலிருந்து போகட்டும்" என்கிற விதியை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். போன் ஒன்று நடுவில் இருக்கும்போது அந்த விதி உங்களைக் கட்டாயம் ஒருநாள் தொந்தரவில் மாட்டிவிடும். ஏன் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் இந்தப் "படித்தது" என்கிற தகவல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சர்வரிலிருந்து மெயிலை எடுக்கும் முறைகளில் ஒன்று பாப்3, அதில் அப்படி ஒரு தகவலே சர்வரில் கிடையாது. தபால் ஆபீசுக்குப் போய் நம் பெயருக்கு வந்ததை வாங்கிக்கொண்டு வருவதை மனதில் வைத்துச் செய்த முறை அது, பெயரிலேயே போஸ்ட் ஆபீஸ் இருக்கிறது. இப்போதும் புழக்கத்தில் உள்ள அதன் வரையறை 1996இல் வந்த ஆர்.எஃப்.சி. 1939 என்ற எண்ணுள்ள ஆவணம். அதில் எத்தனை மெயில் இருக்கிறது, இந்த மெயிலைக் கொடு, இந்த மெயிலை அழி, சரி கிளம்புகிறேன், இவ்வளவுதான் பேச்சு. எதை ஏற்கனவே இறக்கினோம் என்பதை நம் கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராம்தான், ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் தருகிற அடையாள எண்ணைப் பட்டியல் போட்டு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியல் காணாமல் போனால் சர்வரில் இருப்பது அத்தனையும் புதிய மெயிலாகத் திரும்ப இறங்கும். பாப்3இல் ஒரு நல்ல விஷயமும் உண்டு. "அழி" என்று சொன்னதும் சர்வர் அழித்துவிடாது, நாம் முறையாக விடைபெற்றுக் கிளம்பிய பிறகுதான் அழிக்கும். பாதியில் இணைப்பு அறுந்தால் எதுவும் அழியாது. இந்த ஒழுங்கு எல்லா இடத்திலும் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐமேப் என்கிற இன்னொரு முறை வேறு சிந்தனை. 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் தொடங்கியது. மெயில் சர்வரிலேயே இருக்கும், நாம் எங்கிருந்து வேண்டுமானாலும் போய்ப் பார்ப்போம் என்பதுதான் அதன் அடிப்படை. அதனால் படித்தது, பதில் போட்டது, நட்சத்திரம் வைத்தது, அழிக்கக் குறித்தது எல்லாமே ஒவ்வொரு மெயிலோடும் ஒட்டிய குறிகளாகச் சர்வரிலேயே இருக்கின்றன. போனில் படித்தால் கம்ப்யூட்டரிலும் படித்ததாகத் தெரிவது இதனால்தான். நீங்கள் கேட்கிற காரியத்துக்கு ஐமேப்தான் வேண்டும், பாப்3ஐ இப்போதே மறந்துவிடலாம்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஐமேப்பில் ஒரு மெயிலின் உடலைக் கேட்க இரண்டு வழி உண்டு. சாதாரணமாகக் கேட்டால் கொடுக்கும்போதே சர்வர் அதைப் படித்ததாகக் குறித்துவிடும். "எட்டிப் பார்க்கிறேன்" என்று சொல்லிக் கேட்டால் குறிக்காது. எந்தப் புரோகிராம் எந்த வழியில் கேட்கிறது என்பது அதை எழுதியவர் கையில். ஆக, படித்த குறி விழுந்திருக்கிறது என்றால் ஏதோ ஒரு கருவி அந்த மெயிலைத் திறந்தது என்றுதான் பொருள். நீங்கள் கண்ணால் படித்தீர்களா, பதில் போட்டு முடித்தீர்களா என்பது சர்வருக்குத் தெரியாது. அடுத்த மெயிலுக்குப் போகும் வழியில் அம்பு விசையை அழுத்தும்போது தேர்வு இந்த மெயில் மேல் ஒரு நொடி நின்றாலும் முன்னோட்டப் பலகையில் அது திறந்து குறி விழுந்துவிடும். (தண்டர்பேர்டில் இத்தனை நொடி திறந்திருந்தால்தான் படித்ததாகக் கொள் என்று வைக்கலாம், அதை இப்போதே போட்டுவிடுங்கள்.)

நடைமுறையில் எப்படி ஆகும் என்று பாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் திறந்தபடி இருக்கிறது, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை படித்த மெயிலை எல்லாம் உள்ளே நகர்த்துகிறது. நீங்கள் பஸ்ஸில் போகும்போது ஒரு கொட்டேஷன் மெயிலைப் போனில் திறந்து பார்க்கிறீர்கள், ஆபீஸ் போய்ப் பதில் போடலாம் என்று மூடி வைக்கிறீர்கள். இறங்கி ஆபீசுக்குள் நுழைவதற்குள் வீட்டுக் கம்ப்யூட்டர் அதை வாரிக்கொண்டு போயிருக்கும். போனில் இல்லை, ஆபீஸ் கம்ப்யூட்டரில் இல்லை, சாயங்காலம் வீட்டுக்குப் போனால்தான் கிடைக்கும். எல்லாமே சொன்னபடி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, சொன்ன விதிதான் தப்பு.

இதே குறியை நம்புவதால் எதிர்த்திசையிலும் கோளாறு வரும். ஃபெட்ச்மெயில் என்று ஒரு பழைய, நல்ல கருவி இருக்கிறது. எதுவும் சொல்லாமல் விட்டால் அது சர்வரில் படிக்காததாக இருக்கும் மெயில்களை மட்டும்தான் எடுத்துவரும், எடுத்ததும் சர்வரிலிருந்து அழித்தும் விடும். போனில் நீங்கள் முந்திக்கொண்டு படித்த மெயில்கள் அதன் கண்ணிலேயே படாது, வீட்டுப் பெட்டிக்கு வரவே வராது. சேமிப்பு முழுமையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருப்போம், நடுநடுவே ஓட்டை விழுந்திருக்கும். ஃபெட்ச்மெயில் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் எடு, சர்வரில் விட்டுவை என்ற இரண்டு விருப்பத்தையும் சேர்த்தா போட்டிருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் போட்டால் ஒவ்வொரு தடவையும் எல்லாம் திரும்ப இறங்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இந்த வேலைக்கு இன்று அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆகவே என் வழி இது. நகல் எடுப்பதையும் அழிப்பதையும் இரண்டு தனி வேலையாகப் பிரித்துவிடுங்கள். படித்ததோ படிக்காததோ, சர்வருக்கு வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் வீட்டில் ஒரு நகல் எடுத்துவிட வேண்டும், தாமதமே கூடாது. சர்வரில் அழிப்பதை மட்டும் மெதுவாக, மெயிலின் வயதைப் பார்த்துச் செய்ய வேண்டும். 60 நாள் தாண்டியது, படித்தது, நட்சத்திரம் இல்லாதது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அழியலாம். படித்த குறிக்கு இங்கேயும் வேலை உண்டு, ஆனால் தனியாக முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. 60 என்பது உங்கள் வசதி, இடம் ரொம்ப நெருக்கினால் 30 வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டர்பேர்டில் இதைச் செய்வதற்கு முன் ஒரு தவறான நம்பிக்கையை உடைத்தாக வேண்டும், பலர் மெயிலை இழப்பது இங்கேதான். ஐமேப் கணக்கின் அமைப்பில் "இந்தக் கணக்கின் மெயில்களை இந்தக் கம்ப்யூட்டரில் வைத்திரு" என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அதைப் போட்டால் மெயில் முழுதும் ஹார்ட் டிஸ்கில் இறங்கும், இன்டர்நெட் இல்லாமலும் படிக்கலாம். ஆனால் அது சேமிப்பு ஆகாது. சர்வரில் ஒரு மெயில் அழிந்தால் அடுத்த முறை இணையும்போது இங்கேயும் அழியும். சர்வரைக் காலி செய்துவிட்டு "அதான் என் கம்ப்யூட்டரில் இருக்கிறதே" என்று இருந்தால் இரண்டு இடத்திலும் காலி. அதே பக்கத்தின் கீழே "இத்தனை நாளுக்கு மேலான மெயிலை அழி" என்று ஓர் அமைப்பு இருக்கிறது பாருங்கள், அது ஹார்ட் டிஸ்கில் இடம் மிச்சப்படுத்துவதற்குத்தான் என்று நினைத்துப் போடுவார்கள். அது சர்வரில் உள்ள மூலத்தையும் சேர்த்து அழிக்கும், அந்தத் திரையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம்.

நிஜமான நகல் என்றால் இடதுபக்கப் பட்டியலில் எந்தக் கணக்கோடும் சேராமல் தனியாக நிற்கும் லோக்கல் ஃபோல்டர்ஸ் இருக்கிறதே, அதற்குள் போனதுதான். சர்வர் என்ன ஆனாலும் அங்கே இருப்பது அசையாது. அதற்குள் வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள், 2024, 2025 என்று. ஏன் வருஷவாரி என்றால், தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரை எம்பாக்ஸ் என்ற முறையில் ஒரே கோப்பாக வைக்கிறது, மெயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் ஒட்டிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் அந்த ஒரு கோப்பு பல ஜிபி ஆகும், ஒரு மெயில் சேர்ந்தாலும் பேக்கப் முழுதாகத் திரும்ப எடுக்க வேண்டிவரும், எஃப்.ஏ.டி.32 முறையில் இருக்கும் பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறவும் ஏறாது. வருஷவாரி இருந்தால் பழைய வருஷக் கோப்புகள் மாறுவதே இல்லை.

இதற்கு எளிய வழி ஆர்க்கைவ் வசதி. கணக்கு அமைப்பில் நகல்களும் ஃபோல்டர்களும் என்கிற பகுதிக்குப் போய், ஆர்க்கைவ் எங்கே சேர வேண்டும் என்ற இடத்தில் லோக்கல் ஃபோல்டர்ஸைத் தேர்ந்தெடுத்து, வருஷவாரியாகப் பிரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அப்புறம் மாதம் ஒருமுறை இன்பாக்ஸைத் தேதிவாரியாக அடுக்கி, பழையதை எல்லாம் தேர்ந்தெடுத்து, கீபோர்டில் ஏ எழுத்தை அழுத்தினால் அத்தனையும் அந்தந்த வருஷத்து ஃபோல்டருக்குள் போய் உட்காரும், சர்வரிலும் இடம் காலியாகும். தானாகத்தான் நடக்க வேண்டும் என்றால் மெசேஜ் ஃபில்டர். நிபந்தனை மூன்று: நாள்கணக்கில் வயது 60ஐவிட அதிகம், நிலை படித்தது, நிலை நட்சத்திரம் இல்லாதது. மூன்றும் பொருந்த வேண்டும் என்று வைத்து, செயல் லோக்கல் ஃபோல்டருக்கு நகர்த்து. இதில் முக்கியமாக, ஃபில்டர் எப்போது ஓட வேண்டும் என்ற இடத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் ஓடு என்பதைப் போட வேண்டும். புதிய மெயில் வரும்போது மட்டும் ஓடு என்று விட்டால், வந்து விழுகிற மெயிலின் வயது எப்போதும் பூஜ்யம்தான், ஃபில்டர் ஒன்றையும் பிடிக்காது. "ஃபில்டர் வேலை செய்யவில்லை" என்று சொல்கிறவர்களில் நிறையப் பேருக்கு விஷயம் இதுதான்.

முதல் தடவை மட்டும் நகர்த்தாமல் நகல் எடு என்று வைத்து ஓட்டுங்கள். ஓடி முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள், பெரிய அட்டாச்மென்ட் உள்ள மெயிலாக நாலைந்தைத் திறந்து அட்டாச்மென்டும் திறக்கிறதா என்று பாருங்கள். தலைப்பு மட்டும் வந்து உடல் வராமல் போயிருந்தால் அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு சர்வரில் அழியுங்கள்.

அழித்த பிறகும் சர்வரில் அடைத்திருக்கும் இடம் குறையவில்லை என்றால் பதற வேண்டாம். ஐமேப்பில் அழிப்பது இரண்டு படி. முதலில் அழிக்கக் குறிப்பது, பிறகு குறித்ததை நிஜமாகவே நீக்குவது. இரண்டாவது நடக்கும்வரை மெயில் சர்வரில் அப்படியேதான் இருக்கும், இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். டிராஷ் ஃபோல்டரும் உங்கள் 2 ஜிபிக்குள்தான் சேர்த்தி. ஆகவே ஃபோல்டரைக் காம்பாக்ட் செய்யுங்கள் (குறித்ததை நிஜமாக நீக்கும் கட்டளை அது), டிராஷைக் காலி செய்யுங்கள். இடம் அவசரமாக வேண்டும் என்றால் தேதியை விட்டுவிட்டு அளவுவாரியாக அடுக்கிப் பெரிய அட்டாச்மென்ட் மெயில்களை முதலில் இறக்குங்கள். அட்டாச்மென்ட் எல்லாம் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் மெயிலுக்குள் போகிறது, அதில் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. 3 எம்பி படம் பெட்டியில் 4 எம்பி பிடிக்கும். முப்பது பெரிய மெயிலை நகர்த்துவது மூவாயிரம் சின்ன மெயிலை நகர்த்துவதைவிட அதிக இடம் தரும்.

ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, அங்கே நிலைமை வேறு. ஜிமெயிலில் ஃபோல்டர் என்று நாம் பார்ப்பது லேபிள். ஐமேப் வழியாக இன்பாக்ஸிலிருந்து ஒரு மெயிலை நீக்கினால், வழக்கமான அமைப்பில் ஜிமெயில் அதை ஆர்க்கைவ்தான் செய்யும், ஆல் மெயிலில் அது பத்திரமாக இருக்கும், 15 ஜிபியில் ஒரு துளியும் மிச்சமாகாது. ஜிமெயில் இணையதள அமைப்பில் ஐமேப் பகுதிக்குப் போய், நீக்கிய மெயிலை டிராஷுக்கு அனுப்பு என்று மாற்றினால்தான் இடம் கிடைக்கும், அதுவும் டிராஷைக் காலி செய்த பிறகு. விட்டால் 30 நாளில் அதுவே காலியாகும். இன்னொன்று, நகல் எடுக்கும்போது இன்பாக்ஸையும் எடுத்து ஆல் மெயிலையும் எடுத்தால் ஒரே மெயில் இரண்டு தடவை வரும். ஒன்று போதும்.

மட் பயன்படுத்துபவர்களுக்கு. இதில் மூவ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை ஆன் செய்தால் இன்பாக்ஸை விட்டு வெளியேறும்போது படித்த மெயில்களை எல்லாம் எம்பாக்ஸ் என்ற பெயருள்ள அமைப்பில் நீங்கள் காட்டிய லோக்கல் பெட்டிக்கு நகர்த்தும். கேட்டுவிட்டுச் செய் என்று வைத்தால், படித்த இத்தனை மெயிலை நகர்த்தவா என்று கேட்கும். இன்பாக்ஸ் சர்வரில் ஐமேப்பாக இருந்தாலும் இது வேலை செய்யும். ஒரே கம்ப்யூட்டர், போன் கிடையாது, மட் மட்டும்தான் என்கிறவர்களுக்கு இது அருமையான வசதி. இவர்களுக்கு மட்டும் நான் மேலே சொன்ன எச்சரிக்கை அவ்வளவாகப் பொருந்தாது. கூடவே கொடியிட்டதை வைத்துக்கொள் என்ற அமைப்பையும் ஆன் செய்யுங்கள் (தண்டர்பேர்டின் நட்சத்திரம்தான் இங்கே கொடி), அப்போது கொடி குத்திய மெயில் படித்திருந்தாலும் இன்பாக்ஸிலேயே நிற்கும். கொடி குத்தியது எல்லாம் இன்னும் வேலை பாக்கி உள்ளது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் இன்பாக்ஸே செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலாகிவிடும்.

லினக்ஸில் ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர் என்றால் எம்பிசிங்க் என்கிற கருவியைப் போடுங்கள், நகல் எடுக்கும் வேலைக்கு எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இது மெயில்டிர் முறையில் ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்று எழுதும். படித்ததா இல்லையா என்பது கோப்பின் பெயரிலேயே தெரியும். பெயரின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி, 2, ஒரு காற்புள்ளி, அப்புறம் குறி எழுத்துகள் வரும். அதில் எஸ் இருந்தால் படித்தது, ஆர் இருந்தால் பதில் போட்டது, எஃப் இருந்தால் கொடியிட்டது. எந்தப் புரோகிராமும் இல்லாமல் கோப்புப் பட்டியலைப் பார்த்தே நிலவரம் சொல்லிவிடலாம். ஆனால் விண்டோஸ் டிரைவுக்குப் பேக்கப் எடுக்கிறீர்கள் என்றால் கவனம், அங்கே கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வர முடியாது, நகலெடுப்பு தோற்றுப்போகும். முழு மெயில்டிரையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி அனுப்புங்கள்.

எம்பிசிங்க் சும்மா விட்டால் இரண்டு பக்கமும் ஒத்திசைக்கும், அதாவது சர்வரில் போனது இங்கேயும் அழிக்கக் குறிக்கப்படும். நமக்கு அது வேண்டாம். திசையை இழுப்பது மட்டும் என்று வைத்து, புதியதை இழு, குறி மாற்றத்தை இழு, நீக்கியதை இழுக்காதே என்று பிரித்துச் சொல்லலாம். இப்படி வைத்தால் சர்வரில் நீங்கள் எவ்வளவு துடைத்தாலும் வீட்டு நகல் குறையாது. போனில் தவறுதலாக அழித்த மெயிலும் இங்கே கிடைக்கும், இடைப்பட்ட நேரத்தில் ஒரு தடவை எம்பிசிங்க் ஓடியிருந்தால் போதும். கால்மணிக்கு ஒருமுறை ஓடவிடுங்கள்.

ஆபீஸில் சர்வரை மாற்றப்போகிறார்கள் என்று தகவல் வந்தால் அதற்கு முன்பே இந்தத் தானியங்கி ஓட்டத்தை எல்லாம் நிறுத்திவையுங்கள். ஐமேப்பில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு செல்லுபடி எண் உண்டு. அது மாறினால் பழைய அடையாள எண்கள் எதையும் நம்பக்கூடாது என்று பொருள். சர்வர் மாறும்போது பெரும்பாலும் அது மாறிவிடும். சில கருவிகள் ஒத்திசைக்க மறுத்து நின்றுவிடும், சில எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்கும், ஒவ்வொரு மெயிலும் இரண்டாகும். இரட்டித்தால் ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் இருக்கும் மெசேஜ் ஐடி என்ற தனி அடையாளத்தை வைத்துக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அந்த வேலைக்கு ஆளாகாமல் இருப்பதே மேல்.

தமிழில் மெயில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இறக்கி வைத்த கோப்பில் கிரெப் போட்டு ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. தமிழ்த் தலைப்பும் உடலும் பேஸ்64 போன்ற முறையில் ஆங்கில எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் கோப்பில் இருக்கும். மெயில் தொலைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், மெயிலைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த தண்டர்பேர்ட், நாட்மச் மாதிரி ஒன்றை வைத்துத் தேடுங்கள். சர்வர் ஃபோல்டருக்குப் "படித்தவை" என்று தமிழில் பெயர் வைத்தால் ஹார்ட் டிஸ்கில் அது ஆம்பர்சண்ட் குறியில் தொடங்கும் புரியாத எழுத்து வரிசையாகத் தெரியலாம், அதுவும் கோளாறு இல்லை, ஐமேப் பழைய வழக்கப்படி ஃபோல்டர் பெயரை அப்படித்தான் எழுதும்.

சர்வரில் அழித்த நொடியிலிருந்து வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருப்பது ஒன்றுதான் பிரதி. அது போனால் எல்லாம் போயிற்று. வெளி டிரைவ் ஒன்றில் வாரம் ஒருமுறையாவது இன்னொரு நகல் எடுக்க ஏற்பாடு செய்யாமல் சர்வரைக் காலி செய்யத் தொடங்காதீர்கள். ஆபீஸ் மெயிலைச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சில இடங்களில் அது விதிமீறல். அப்படி என்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே இதே அமைப்பைச் செய்யலாம்.

சென்ட் ஃபோல்டரையும் மறந்துவிடாதீர்கள், நாம் அனுப்பிய அட்டாச்மென்ட் எல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கும், 2 ஜிபி நிரம்ப அதுவும் ஒரு பெரிய காரணம். அங்கே இருப்பது வழக்கமாக எல்லாமே படித்ததாகத்தான் குறிக்கப்பட்டிருக்கும், அதனால் படித்த குறியை அங்கே பார்ப்பதில் பயனில்லை. வயதையும் நட்சத்திரத்தையும் மட்டும் வைத்து, தண்டர்பேர்டில் அந்த ஃபோல்டரைத் திறந்துவைத்து, மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கையால் ஓட்டினால் போதும்.